எல்லையம்மன் நடை சாத்திய விவரம்

எல்லையம்மன் கோயில் தெரு,
சிப்காட் பின்புறம்,
கும்மிடிப்பூண்டி.
ஆவணி 6, வெள்ளிக்கிழமை.

சஞ்சுக்தா அம்மா அவர்களுக்கு,

எல்லையம்மன் கோயில் பூசாரி தேசப்பன் வணக்கத்துடன் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் இங்கே வழக்கம். உங்கள் வீட்டில் நலம் இல்லை என்று தெரிந்துகொண்டே அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. நீங்களும் குழந்தை லிப்ஸாவும் உங்கள் மாமியாரும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியாது. உங்களை எனக்குப் பெயராகத் தெரியும். இரண்டு வருடமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மன் எதிரில் நின்று உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறேன். லிங்கராஜ், சஞ்சுக்தா, லிப்ஸா என்று வரிசையாக மூன்று பெயர். உங்கள் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டபடி சொன்னேன்.

போனில் பேசலாமே என்று, அவரோடு ஒரே ரூமில் இருந்த சுதாம் கேட்டான். பேசுவதற்கு உங்களுக்கும் எனக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை. எனக்குத் தமிழ் வரும், ஆந்திரா எல்லைப் பக்கத்து ஆள் என்பதால் அரைகுறையாகத் தெலுங்கு வரும். லிங்கராஜ் உங்கள் ஊர்ச் சந்தையில் கற்றுக்கொண்ட தெலுங்கில் என்னோடு பேசுவார். அவர் தெலுங்கையும் என் தெலுங்கையும் சேர்த்தாலும் ஒரு முழுத் தெலுங்கு ஆகாது. ஆனாலும் வேலை நடந்தது. உங்களுக்கு அதுவும் வராது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

சுதாம் இங்கே வந்து ஒன்பது வருடம் ஆகிறது. பஸ் போர்டு பார்த்துத் தமிழ் எழுத்தைக் கற்றவன். நாளைக்கு ஊருக்கு ரயில் ஏறுகிறான். உங்கள் எதிரில் உட்கார்ந்து இதை வரிக்கு வரி உங்கள் பாஷையில் சொல்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறான். இதில் அவனைப் பற்றியும் சில இடத்தில் எழுதியிருக்கிறேன். அந்த இடம் வரும்போது தொண்டையைச் செருமிக்கொண்டு தாளைத் திருப்பப் பார்ப்பான். விடாதீர்கள்.

எழுத வேண்டி வந்த காரணத்தைச் சொல்கிறேன். எங்கள் தெருமுனையில் மணியம்மாள் என்று ஒரு அம்மா இட்லிக் கடை வைத்திருக்கிறார். ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கெல்லாம் காலை நாஷ்டா அங்கேதான். போன வாரம் சுதாம் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் இட்லியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான். போனில் நீங்கள் இப்போது அழுவதுகூட இல்லை, ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள் என்றான். இரண்டு வருடம் தினமும் கும்பிட்ட சாமி, அவர் கடைசியாகப் போகும்போது முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்திக்கொண்டதா என்று கேட்கிறீர்களாம்.

சாத்தியது நான்தான். பூட்டும் போட்டேன். சுதாம் உங்களிடம் பொய் சொல்லவில்லை. அவன் கண்ணால் பார்த்ததைச் சொன்னான். பார்த்ததற்கு அர்த்தம் அவனுக்குத் தெரியாது, அன்றைக்கு நானும் சொல்லவில்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். கோயிலில் வேலை செய்கிறவனுக்கு எதையும் முறைப்படி சொல்லித்தான் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருபத்தெட்டு வருடமாக எல்லையம்மனுக்குப் பூஜை செய்கிறேன். அதில் குடும்பம் நடத்த முடியாது என்பதால் மத்தியானத்துக்கு மேல் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். இரண்டு இடத்திலும் என் வேலை கதவைத் திறப்பதும் சாத்துவதும்தான். கம்பெனியில் யாரை விட வேண்டும், யாரை விடக்கூடாது என்று ஒரு லிஸ்ட் கொடுப்பார்கள். கோயிலில் லிஸ்ட் கிடையாது.

லிங்கராஜ் தங்கியிருந்த கட்டடம் கோயில் மதிலை ஒட்டியது. ஒரு ரூமுக்கு ஆறு பேர். எங்கள் கோயில் தர்மகர்த்தா பூவராகவன் நெல் விளைந்த நிலத்தில் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். வந்த மறுநாளே லிங்கராஜ் கோயிலுக்கு வந்தார். முதலில் வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போவார். ஒரு மாதம் கழித்து, மூலையில் தொங்குகிற வெண்கலச் சேகண்டியைக் காட்டி, அடிக்கலாமா என்று கேட்டார். எங்கள் கோயிலுக்கு யாரோ ஒரு புண்ணியவான் கரண்டில் ஓடுகிற மேளம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். சுவிட்சைப் போட்டால் மணியும் முரசும் தானாக அடிக்கும், பக்கத்தில் பேசுவது காதில் விழாது. அதைப் பார்த்து லிங்கராஜுக்குச் சிரிப்பு. "நைனா, மிஷினுக்கு பக்தி உண்டா?" என்று தெலுங்கில் கேட்டார். அன்றிலிருந்து காலைத் தீபாராதனைக்குச் சேகண்டி அவர் கையில். செகண்ட் ஷிப்டு முடிந்து பதினோரு மணிக்குப் படுத்தாலும் காலை ஆறு மணிக்குத் தலை நனைத்துக்கொண்டு வந்து நிற்பார். நல்லாத்தான் அடிப்பார், கொஞ்சம் வேகம் அதிகம். நான் கற்பூரத்தைச் சுற்றி முடிப்பதற்குள் அவர் முடித்துவிடுவார். அதற்காக நான் அவரைத் திட்டியும் இருக்கிறேன்.

அம்மன் சன்னதிக்கு இரட்டைக் கதவு, இரும்புத் தகடு. கீல் தேய்ந்துபோய், திறந்தால் ஊரே எழுந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை லிங்கராஜ் தானாக வந்து இரண்டு பக்கமும் பழைய கீலை அறுத்துவிட்டுப் புதுசு வைத்து வெல்டு பண்ணிக் கொடுத்தார். அவர் வேலையே அதுதானே. சும்மா சொல்லக்கூடாது, அதற்குப் பிறகு அந்தக் கதவு ஒரு நாள்கூடச் சத்தம் போட்டதில்லை. கூலி என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, வெள்ளிக்கிழமை அர்ச்சனையில் வீட்டுக்காரர்கள் பெயரைச் சொல்லுங்கள் என்றார். நட்சத்திரம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை, உங்களுடையதும் தெரியவில்லை. நட்சத்திரம் தெரியாதவர்களுக்குச் சாமி பேரில் சொல்லிவிடுவது வழக்கம். குழந்தைக்கு மட்டும், உங்கள் ஊர் டோலா பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் பிறந்தாள் என்று சரியாகச் சொன்னார். பஞ்சாங்கம் பார்த்தேன், அஸ்த நட்சத்திரம் வந்தது. லிப்ஸாவுக்கு அஸ்தம் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கல்யாணத்துக்குப் பார்க்க உதவும்.

இனி ஆடி மாதத்துக்கு வருகிறேன். ஆடியில் எங்கள் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம். அதற்கு முன்னால் காப்புக் கட்ட வேண்டும். மஞ்சள் நூலை அம்மன் கையிலும் என் கையிலும் கட்டிவிட்டால் திருவிழா தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இந்த வருடம் மூன்றாம் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேல் என்று முடிவு செய்து, நோட்டீஸும் அடித்துவிட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு நான் போனபோது பூவராகவன் எனக்கு முன்னாலேயே கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் ரூமில் லைட் எரிந்தது. லிங்கராஜை ஐந்து மணிக்கு எழுப்பினார்களாம், எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். முகம் அமைதியாக இருந்தது என்று மணியம்மாள் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு முறை உண்டு. தெருவில் சாவு விழுந்தால், உடல் ஊர் எல்லையைத் தாண்டும்வரை அம்மனுக்குப் பூஜை கிடையாது. விளக்குக்கூட ஏற்ற மாட்டோம். கதவைச் சாத்திவிடுவோம். நான் பூவராகவனிடம் அதைச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. "அவன் நம்ம ஊரு ஆளா இன்னா? வாடகைக்கு இருந்தவன். தீட்டெல்லாம் ஒண்ணும் கெடையாது. காப்பு கட்டற நாளும் அதுவுமா பேஜாரு பண்ணாத, மணி அடி" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. ஊரையே கூட்டியாயிற்று, நாள் தவறினால் ஊருக்கு ஆகாது என்கிற பயம் அவருக்கு. எனக்கு அந்தச் சாக்கும் இல்லை. முறை தெரிந்தவன் நான். பதில் பேசாமல் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தேன்.

அம்மனைக் குளிப்பாட்டினேன். மஞ்சள் சாத்தி, சிவப்புப் புடவை கட்டி, எலுமிச்சம்பழ மாலை போட்டேன். விளக்கு ஏற்றினேன். தீபாராதனைக்குச் சேகண்டி அடிக்க ஆள் இல்லை. மிஷின் சுவிட்சைப் போட்டேன். பத்தடி தூரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் சுதாமும் மற்ற பையன்களும் அழுதுகொண்டிருந்தார்கள். மிஷின் போட்டதும் அது கேட்கவில்லை. அதற்காகத்தான் போட்டேன் என்று சொல்ல மனசு வரவில்லை. இல்லை என்று சொல்லவும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அர்ச்சனைப் பெயர்களை நான் நோட்டைப் பார்த்துப் படிப்பதில்லை. தெருவின் கிழக்குக் கோடியில் தொடங்கி வீடு வீடாக நாக்கு தானாகப் போகும். பூவராகவன் குடும்பம், அஞ்சம்மாள் குடும்பம், பார்த்திபன் குடும்பம் என்று வந்து, கோயில் மதிலை ஒட்டிய கட்டடத்துக்கு வந்தது. லிங்கராஜ், சஞ்சுக்தா, லிப்ஸா. நீண்ட ஆயுசு, நிறைந்த ஆரோக்கியம் என்று சொல்லிப் பூவைப் போட்டுவிட்டேன்.

அர்ச்சனை உயிரோடு இருப்பவர்களுக்குச் செய்வது. செத்தவர் பெயரை அதில் சொல்ல மாட்டோம். செத்துப்போனது தெரிந்து இரண்டு மணி நேரம்கூட ஆகாத ஒருவருக்கு நான் அம்மன் காலடியில் நீண்ட ஆயுசு கேட்டேன். அம்மன் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

மிஷினை நிறுத்தினேன். நிறுத்தியதும் அழுகைச் சத்தம் உள்ளே வந்தது. கூடவே மணியம்மாள் குரலும் வந்தது. வாசலில் வந்து நின்றுகொண்டு, இடுப்பில் கை வைத்து, "ஏய் தேசப்பா, நான் அடுப்ப அணைச்சிட்டேன். நீ வெளக்கேத்திக்கினு கீறியா?" என்று கேட்டார். அவர் கடை அடுப்பு ஐந்து மணிக்கே அணைந்துவிட்டதாம். ஊற்றி வைத்த இட்லியை வேக விடாமல் எடுத்துக் கொட்டிவிட்டு, ஷிப்டுக்கு வந்தவர்களை வெறும் வயிற்றோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். உங்கள் ஊரிலும் உடலை எடுக்கும்வரை அந்தத் தெருவில் யாரும் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள் என்று லிங்கராஜ் என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். மணியம்மாளுக்கு அதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. அவருக்குத் தோன்றியது, செய்தார்.

பூவராகவன் அவரை அதட்டினார். அசலூர்க்காரனுக்கெல்லாம் நடை சாத்த முடியாது என்றார். மணியம்மாள் ஒரே கேள்விதான் கேட்டார். "போன வருஷம் கூழுக்கு ஊடு ஊடா மாவு வாங்கசொல்லோ, நீதானே அந்த ரூம்புக்கும் போயி முறம் நீட்ன? ஆறு பேரும் ஆளுக்கொரு படி அரிசி போட்டாங்கோ. கூழுக்கு ஊர்க்காரன், செத்தா அசலூரானா? இன்னா நாயம்பா இது?" என்றார். அது உண்மை. கேழ்வரகு மாவு எங்களிடம் இல்லை, அரிசி வாங்கிக்கொள்வீர்களா என்று லிங்கராஜ் கேட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன். அண்டாவில் துடுப்புப் போட்டுக் கிளறியவர்களில் அவரும் ஒருவர்.

நான் திரையை இழுத்தேன். பாதிப் பூஜையில் திரை இழுக்கக்கூடாது, அதுவும் ஒரு முறைதான். இருபத்தெட்டு வருடத்தில் அன்று ஒரு நாள்தான் அதை மீறினேன். விளக்கை அணைத்து, கதவைச் சாத்திப் பூட்டினேன். வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதினேன். தெருவில் துக்கம், லிங்கராஜ், உடல் எடுக்கும்வரை நடை சாத்தியிருக்கிறது. யார் வீட்டில் சாவு என்றாலும் பெயர் போட்டு அப்படித்தான் எழுதுவேன். காப்புக் கட்ட வந்த ஜனம் அதைப் படித்துவிட்டு, மஞ்சள் நூலைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனது.

போலீஸ் வந்தது, உடலை ஊர் எல்லைக்குள்ளேயே இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, சோதனை செய்தது எல்லாம் சுதாம் சொல்லியிருப்பான். அவன் அந்த ஒன்றரை நாளும் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தான், பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. மறுநாள் சனிக்கிழமை நான் கம்பெனிக்கு லீவு போட்டிருந்தேன். மூன்று மணிக்கு ஆம்புலன்ஸ் எங்கள் தெருவுக்கு வந்தது. ரூமில் இருந்த மற்றவர்கள் முகம் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள். பிறகு வண்டியைக் கோயில் எதிரில் கொண்டுவந்தார்கள். சுதாம் இறங்கி என்னிடம் வந்து, கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்டான். கடைசியாக ஒரு தடவை அம்மன் அவரைப் பார்க்கட்டும், ஒரு கற்பூரம் காட்டுங்கள் என்றான்.

முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னேன்.

சுதாம் பலகையைப் பார்த்தான். எழுத்துக் கூட்டிப் படித்தான். லிங்கராஜ் பெயர், நடை சாத்தியிருக்கிறது என்பது இரண்டும் புரிந்திருக்கிறது. குற்றம் செய்தவன் பெயரை ஒட்டி வைப்பதுபோல ஒட்டிக் கதவைச் சாத்திவிட்டான் இந்தப் பூசாரி என்று நினைத்துவிட்டான். முந்தின நாள் காலையில் மணிச் சத்தத்தை அவனே ரூமுக்குள் இருந்து கேட்டவன். பூஜைக்குத் திறந்த கதவு, லிங்கராஜ் வந்ததும் சாத்திக்கொண்டது என்றால் அவன் வேறு என்னதான் நினைப்பான்? உங்கள் பாஷையில் என்னைத் திட்டினான். திட்டுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சுதாம், இந்த வரியை விடாமல் படி. நீ திட்டியதில் எனக்கு வருத்தம் இல்லை.

அப்போதே விளக்கிச் சொல்லியிருக்கலாம். எனக்குப் பாஷை இல்லை என்று எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். அது பாதி உண்மைதான். முந்தின நாள் காலையில் நான் செய்ததை வைத்துக்கொண்டு, முறை இது என்று அவனிடம் பேச எனக்கு வாய் வரவில்லை. சாத்திய கதவுக்கு முன்னால் சும்மா நின்றேன்.

இப்போது சொல்கிறேன். பூஜை என்பது உங்களுக்குத் தெரியாதது இல்லை. எழுப்புகிறோம், குளிப்பாட்டுகிறோம், புடவை கட்டுகிறோம், பூ வைக்கிறோம், சோறு காட்டுகிறோம், சாயந்திரம் விளக்கு வைக்கிறோம். வீட்டில் ஒரு பெரிய மனுஷிக்கு என்ன செய்வோமோ அதைத்தான் அம்மனுக்குச் செய்கிறோம். தன் வீட்டு ஆள் செத்துக் கிடக்கும்போது அந்த மனுஷி குளிப்பாளா, பூ வைப்பாளா, சாப்பிடுவாளா? கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருப்பாள். எங்கள் அம்மன் செய்வதும் அதுதான்.

தீட்டு என்றால் அழுக்கு என்று சொல்கிறவர்கள் இங்கேயும் உண்டு. நான் பார்த்தவரை அது நெருக்கத்தை அளக்கிற ஒரு படி. பங்காளி செத்தால் பதினாறு நாள். பெண் கொடுத்த வீட்டில் சாவு என்றால் மூன்று நாள். தெருவில் ஒருவர் போனால் உடல் எடுக்கும்வரை. ரோட்டில் யாரோ ஒருவர் அடிபட்டுச் செத்தார் என்று கேள்விப்பட்டால் ஒன்றுமே இல்லை, அம்மனுக்கு எல்லாப் பூஜையும் நடக்கும். யாரோ ஒருவர் என்றால் அந்தச் சனிக்கிழமை கதவு திறந்துதான் இருந்திருக்கும். நான் கற்பூரம்கூடக் காட்டியிருப்பேன்.

ஆம்புலன்ஸ் கிளம்பியதும் தெரு ஆண்கள் பின்னால் நடந்து எல்லைக் கல் வரைக்கும் போனார்கள். அதுவும் இங்கே செத்தவர்களுக்குச் செய்கிற முறைதான். வண்டி வேகமாகப் போய்விட்டதால் சுதாம் அதைப் பார்க்கவில்லை. பூவராகவனும் நடந்தார். திரும்பி வந்து வீட்டுக்குள் போகாமல், வாசல் குழாயிலேயே தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டார். வாயால் அவர் இன்றுவரை எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. வண்டி எல்லையைத் தாண்டியது தெரிந்த பிறகு, கோயிலைக் கழுவிவிட்டு, ஆறு மணிக்குக் கதவைத் திறந்தேன். முப்பத்தாறு மணி நேரம் அம்மன் இருட்டில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காப்புக் கட்டினோம். கூழும் ஊற்றினோம். நாள் தவறியதால் கேடு வரும் என்று சொன்னார்கள். காற்றில் ஒரு சாமியானா சாய்ந்தது, அது வருடா வருடம் சாய்வதுதான்.

சஞ்சுக்தா அம்மா, கோபப்படாதீர்கள் என்று கேட்பதற்காக நான் இவ்வளவு எழுதவில்லை. கோபம் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சரியான கதவின்மேல் வையுங்கள். சனிக்கிழமை சாத்தியிருந்த கதவின்மேல் வேண்டாம். அது லிங்கராஜுக்குச் சேர வேண்டிய மரியாதை, அவருக்குச் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அவர் சுவருக்கு அந்தப் பக்கம் கிடக்கும்போது நான் வாய் மூடிக்கொண்டு திறந்தேனே, அந்தக் கதவின்மேல் வையுங்கள். அதற்கு நான் உங்கள் காலில் விழ வேண்டியவன். வயதில் மூத்தவன் விழுந்தால் உங்களுக்கு ஆகாது என்பார்கள், அதனால் எழுதுகிறேன்.

இந்தக் கவரில் கொஞ்சம் விபூதி வைத்திருக்கிறேன். அர்ச்சனைக் குங்குமம் அனுப்பவில்லை, உங்கள் பக்கத்தில் என்ன முறை என்று எனக்குத் தெரியாது. வேண்டும் என்றால் சொல்லியனுப்புங்கள், அனுப்புகிறேன்.

இன்றைக்கும் வெள்ளிக்கிழமை. காலையில் பெயர்கள் சொன்னேன். மிஷினை இப்போது போடுவதில்லை, மணியம்மாள் அதன் வயரைப் பிடுங்கி எங்கேயோ வைத்துவிட்டார். சேகண்டி மூலையில் தொங்குகிறது. மதிலை ஒட்டிய கட்டடத்துக்கு வரும்போது நாக்கு அவர் பெயருக்குத்தான் போகிறது. நிறுத்தி ஒரு மூச்சு விட்டுக்கொண்டு, சஞ்சுக்தா, லிப்ஸா என்று சொல்கிறேன். கீல் வைத்ததற்குக் கூலியாக அவர் கேட்டது இது ஒன்றுதான். வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால் சுதாமிடம் சொல்லியனுப்புங்கள், நிறுத்திவிடுகிறேன். நீங்கள் சொல்லும்வரை நிறுத்த மாட்டேன்.

லிப்ஸா வளர்ந்து எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால் கோயிலுக்கு அழைத்து வாருங்கள். காலை ஆறு மணிக்குள் வந்துவிடுங்கள். சாவியை அவள் கையில் கொடுக்கிறேன், சன்னதிக் கதவை அவளே திறக்கட்டும். பழைய இரும்பாயிற்றே, கிறீச்சிடுமோ என்று பயந்து மெதுவாகத் தள்ளுவாள். பயப்பட வேண்டாம் என்று இப்போதே சொல்லி வையுங்கள். அவள் அப்பா வைத்த கீல் அம்மா அது, சத்தமே வராது.

எல்லையம்மன் உங்கள் வாசலிலும் காவல் நிற்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தெருக்காரன்,
தேசப்பன்.